தாடையின் ஓய்வு

குமரி மாவட்டத்தின் மேலைக் கடற்கரையில், குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்திற்கும் இடையே அமைந்துள்ள ஊர் இனயம். அங்கே இரவும் பகலும் அலையோசை ஓய்வதில்லை. பழகிய செவிக்கு அதுவே தாலாட்டாகும். ஆயின், சில இல்லங்களில் நள்ளிரவில் வேறோர் ஓசையும் எழுவதுண்டு. ஆட்டுக்கல்லில் மணல் சிக்கி அரைபடுவது போன்ற ஓசை அது. உறங்குபவர் தம் பற்களைத் தாமே அரைத்துக்கொள்ளுகின்ற ஓசை. அதனை எழுப்புபவர் அறியார். அருகிற் கிடந்து உறக்கம் கெடுபவரே அறிவர்.

அவ்வோசையை 'நறநற' என்கிறோம். இஃது இரட்டைக்கிளவி, பிரித்தால் பொருள் தாராது. வகுப்பறையில் இரட்டைக்கிளவிக்கு எடுத்துக்காட்டாக இச்சொல்லைப் பல்லாண்டுகள் கரும்பலகையில் எழுதியவன் யான். சினங்கொண்ட வீரன் பற்களை நறநறவெனக் கடித்தான் என்று கதைகளிற் படிக்கின்றோம். துன்பத்தைத் தாங்கிக்கொள் என்பதற்குப் 'பல்லைக் கடித்துக்கொண்டு இரு' என்று அறிவுரை கூறுகின்றோம். சினமும் அச்சமும் பொறுமையும் பற்களின்மேல் வந்து அமர்வதை நம் மொழி நெடுங்காலமாக அறிந்தேயிருக்கின்றது. அவ்வறிவுரையை நல்லுரை என்றே யானும் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியவர், இனயத்திலிருந்து எங்கள் தெருவிற்குக் கடவத்தில் மீன் சுமந்து வரும் அம்மையார் ஒருவர்.

2017-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கலக்கியது. ஆழ்கடல் சென்றிருந்த மீனவர் பலர் அதனுட் சிக்கினர். கரையோர ஊர்களில், மீளாதவர் பொருட்டு எழுந்த அழுகுரல் பன்னாள் அடங்கவில்லை. அவ்வம்மையாரின் மகனும் விசைப்படகிற் சென்றிருந்தான். அவன் இலட்சத்தீவின் பக்கம் கரையொதுங்கிச் சின்னாட் கழித்து உயிருடன் மீண்டான். உறவினர் சிலர் மீளவே இல்லை. மகன் வருமளவும் அவ்வம்மையார் கடற்கரை மணலிலேயே அமர்ந்திருந்தார். "அழவில்லை, சாரே. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்" என்று பின்னொருநாள் என்னிடம் கூறினார். அவர் கூறியது வழக்குத்தொடர் அன்று; நடந்தது நடந்தவாறே கூறிய கூற்று.

மகன் வந்துவிட்டான். ஆயினும் கடித்த பற்கள் விலகவில்லை. சில திங்கள் கழிந்தபின் அவருக்கு வலக்காதின் முன்புறம் வலி தொடங்கிற்று. கொட்டாவி விட்டால் 'களுக்' என்று ஒலித்தது. காலையில் எழும்போது கன்னமும் நெற்றிப்பொட்டும் கனத்தன. காது வலி என்று கருதி எண்ணெய் காய்ச்சிக் காதில் விட்டார். (இதனை எவரும் செய்யலாகாது, காதின் பறை கெடும்.) வலி நீங்கவில்லை. பின்னர்ப் பல் வலியாக இருக்கலாம் என்று ஒருவரிடம் காட்ட, அவர் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டார். அப்போதும் வலி நீங்கவில்லை. பிடுங்கிய பல்லை அவ்வம்மையார் தாளில் மடித்து வைத்திருந்து எனக்குக் காட்டினார். அதில் சொத்தையின் புள்ளி ஒன்றேனும் இல்லை. அதன் மேற்பரப்பு மட்டும் தேய்ந்து பளிங்குபோல் வழவழவென்று இருந்தது.

இறுதியாக, நாகர்கோவிலில் பல் மருத்துவர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றேன். மருத்துவர் இளைஞர், என் மாணவர் வயதினர். அவர் கருவி எதனையும் உடனே கையில் எடுக்கவில்லை. அம்மையாரின் இரு காதுகளுக்கும் முன்னே தம் விரல்களை வைத்து, வாயைத் திறந்து மூடச் சொன்னார். கன்னத் தசையை அழுத்திப் பார்த்தார். காலையில் வலி மிகுதியா, மாலையில் மிகுதியா என்று வினவினார். பின்பு ஒரு வினாவை எழுப்பினார்:

"அம்மா, நீங்கள் பேசாமலும் உண்ணாமலும் சும்மா இருக்கும்போது உங்கள் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் எப்படி இருக்கின்றன?"

"ஒன்றன்மேல் ஒன்று இருக்கின்றன. வேறு எப்படி இருக்கும்?" என்றார் அம்மையார்.

அருகிலிருந்த யானும் அவ்வாறே எண்ணினேன். மருத்துவர் புன்னகை செய்து, "தொடாமல் இருக்கவேண்டும்" என்றார். உண்ணும்போதும் விழுங்கும்போதும் மட்டுமே மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடும். அவ்வாறு தொடும் நேரம் முழுவதையும் கூட்டினாலும் ஒரு நாளில் ஏறத்தாழ 20 நிமிடமே ஆகும் என்று ஆராய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர். எஞ்சிய நேரமெல்லாம் உதடுகள் மூடியிருக்க, உள்ளே பற்கள் சற்றே விலகி நிற்றல் வேண்டும். இதுவே தாடையின் ஓய்வு நிலை. அறுபது வயதைக் கடந்த எனக்கு இஃது அன்றுவரை தெரியாது.

தெரியாமைக்கு யான் நாணியதற்குக் காரணம் உண்டு. தொல்காப்பியத்துள் பிறப்பியல் என்று ஓர் இயல் உளது. நெஞ்சு, மிடறு, தலை, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு இடங்களைக் கூறி, ஒவ்வோர் எழுத்தும் வாயில் எங்குப் பிறக்கின்றது என்பதனை அவ்வியல் நுட்பமாக விளக்கும். அந்நூல் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்பது பாயிரம் தரும் செய்தி. அவ்வதங்கோடு நம் மாவட்டத்து விளவங்கோட்டுப் பகுதியில் உள்ள ஊரே என்பர். அவ்வூரிலிருந்து இனயம் நெடுந்தொலைவு அன்று. அப்பிறப்பியலைப் பல்லாண்டுகள் பாடம் சொன்னவன் யான். எழுத்துப் பிறக்கும்போது நாவும் பல்லும் செய்வன யாவும் அறிவேன். எழுத்துப் பிறவாது வாளா இருக்கும்போது அவை எங்கே கிடக்கவேண்டும் என்பதனை அறியேன். ஆசிரியர் அதனைக் கூறவில்லை. இலக்கணம் கூற வந்தவர்க்கு அது வேண்டுவதும் அன்று.

இனி, இம்மூட்டின் அமைப்பைக் காண்போம். உங்கள் சுட்டுவிரல்களை இரு காதுகளுக்கும் சற்று முன்னே வைத்து, வாயை மெல்லத் திறந்து மூடுங்கள். விரலின்கீழ் உருண்டையான ஒன்று அசைவதை உணர்வீர்கள். அது கீழ்த்தாடை எலும்பின் தலை. மண்டையோட்டில் நெற்றிப்பொட்டைச் சார்ந்த எலும்பில் உள்ள குழியில் அது பொருந்தியுள்ளது. எங்கள் நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளில் கதவுகளுக்கு இரும்புக் கீல் இராது. கதவின் மூலையில் உள்ள மரக்குடுமி, குழியில் நின்று சுழலும். தாடை மூட்டும் முதலில் அவ்வாறே சுழல்கின்றது. ஆனால், வாயை மேலும் அகலத் திறக்கும்போது ஒரு புதுமை நிகழ்கின்றது. எலும்பின் தலை குழியைவிட்டு முன்னோக்கி வழுக்கிச் செல்கின்றது. மூடும்போது மீண்டும் குழிக்குத் திரும்புகின்றது. குடுமி தன் குழியைவிட்டு நடந்து சென்று திரும்பும் கதவு எங்கேனும் உண்டா? நம் முகத்தில் இரண்டு உண்டு. இரண்டும் ஒரே எலும்பின் இரு முனைகள் ஆதலின், ஒன்று நோவுற்றால் மற்றொன்றும் அமைதியாக இராது.

எலும்பின் தலைக்கும் குழிக்கும் நடுவே நாரினால் ஆகிய மெல்லிய வட்டு ஒன்று உளது. அது தலையோடு உடன் சென்று உடன் திரும்பவேண்டும். சற்றே முன்னே நழுவி நின்றுவிட்டால், வாய் திறக்கும்போது தலை அவ்வட்டின்மேல் ஏறி அமரும். அப்போதுதான் 'களுக்' என்ற ஒலி கேட்கின்றது. வலியில்லாத வெறும் ஒலிக்கு அஞ்சவேண்டுவதில்லை. நலமுடையோர் பலருக்கும் அது கேட்பதுண்டு, மருத்துவமும் வேண்டா.

பெரும்பாலோர்க்கு வலி எழுவது வட்டினாலும் அன்று, எலும்பினாலும் அன்று, தசையினால். கன்னத்தில் உள்ள மெல்லும் தசை உடலின் வலிய தசைகளுள் ஒன்று. பற்களைச் சற்றே கடித்துப் பாருங்கள். கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் தசை திரள்வது கைக்குப் புலனாகும். நாளெல்லாம் துடுப்பு வலித்த தோள் நோவது போல, நாளெல்லாம் கடித்த கன்னம் நோகின்றது. நோவு தோன்றும் இடமும் நோய் உள்ள இடமும் வேறுபடுதலும் உண்டு. ஆதலின் இது காது வலிபோலவும், பல் வலிபோலவும், தலைவலிபோலவும் வேடமிட்டு வரும். 1934-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் காது மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் என்பார், காதுத் துன்பத்துடன் தம்மிடம் வந்தோர் சிலர்க்குத் தாடை மூட்டிலேயே குறை இருப்பதாக எழுதினார். அவர் கூறிய காரணம் பின்னர் மறுக்கப்பட்டது. ஆனால், காதையும் தாடையையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் அவரால் பரவிற்று. அம்மையாரின் பல்லைப் பிடுங்கியவர் அவ்வாறு சேர்த்துப் பார்த்திருந்தால் அப்பல் இன்றும் வாயில் இருந்திருக்கும்.

பற்கடிப்பு இருவகைப்படும். உறக்கத்திற் கடிப்பது ஒன்று. விழிப்பிற் கடிப்பது மற்றொன்று. 1907-இல் பிரெஞ்சு நாட்டார் இருவர் இதனை ஒரு பித்து என்றே பெயரிட்டு எழுதினர். பற்களை அரைத்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று 'புரக்சிசம்' என்ற பெயர் பிறந்தது. இக்காலத்து அறிஞர் இதனைப் பித்து என்பதில்லை. நலமுடையார்க்கு இஃது ஒரு நோய் என்றும் கொள்வதில்லை. தசையின் செயல் என்றும், மிகுந்தால் பல்லுக்கும் மூட்டுக்கும் தீங்கு தரக்கூடியது என்றும் 2018-இல் பல நாட்டறிஞர் கூடி வரையறுத்தனர்.

உறக்கத்திற் கடிப்பவர், பெரும்பாலும் உறக்கம் சிறிதே கலைந்து மீளும் வேளைகளில் கடிக்கின்றனர். மது, புகை, இரவில் அருந்தும் காப்பி ஆகியவை அதனை மிகுவிக்கும். சில மருந்துகளாலும் வரும். உரத்த குறட்டையும் உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதலும் உடையவர்க்கும் இருக்கலாம். விழிப்பிற் கடிப்பது பெரும்பாலும் ஓசையின்றி நிகழும். பற்களை இறுக்கிப் பிடித்தலே அது. கவலையும் கூர்ந்த வேலையும் இதற்கு உற்ற தோழர். வலை இழுப்பவர், வலையின் கிழிசலைப் பொத்துபவர், தேர்வு எழுதுபவர் ஆகிய எவரையும் பாருங்கள். கன்னத்தின் ஓரத்தில் தசை துடிப்பது தெரியும். 2020-இல் கொரோனாப் பெருந்தொற்றினால் மக்கள் வீடுகளில் அடைந்து கிடந்தபோது, இசுரேலிலும் போலந்திலும் ஆய்ந்தோர், பற்கடிப்பும் தாடைவலியும் மிகுந்திருப்பதைக் கண்டனர். இனயத்துக் கடற்கரையில் ஒரு தாய்க்கு நேர்ந்தது, தொலைநாட்டு மாடங்களிலும் நேர்ந்தது.

கடிப்பதனால் பல்லுக்கு என்ன கேடு? அரிசியும் நீரும் இடாமல் ஆட்டுக்கல்லை வெறுமனே சுற்றினால் கல்லே கல்லைத் தின்னும். கல் தேய்ந்தால் கொத்துவோனை அழைத்துக் கொத்திக்கொள்ளலாம். பல்லின் மேலுறையாகிய மிளிரி, உடலில் உள்ள பொருள்கள் யாவற்றினும் கடியது. ஆயினும், தேய்ந்தால் மீண்டும் வளராது. அதனை ஆக்கிய நுண்ணுயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன.

அம்மையார்க்கு மருத்துவர் கூறியவற்றை இனிக் கூறுவேன். முதலாவது, ஓய்வு நிலையைப் பழகுதல். "நாவின் நுனியை மேற்பற்களுக்குப் பின்னே அண்ணத்தில் மெல்ல வையுங்கள்" என்றார். அம்மையார்க்கு அது விளங்கவில்லை. அப்போதுதான் என் பிறப்பியல் பயன்பட்டது. நா நுனி மேனோக்கி எழுந்து அண்ணத்தை ஒற்றப் பிறப்பது றன்னகர மெய்கள் இரண்டும் அல்லவா? "அம்மா, 'ன்' என்று சொல்லுங்கள், ஒலியை நிறுத்துங்கள், நாவை மட்டும் எடுக்காதீர்கள், உதட்டை மூடுங்கள்" என்றேன். உடனே செய்தார். பற்கள் தாமே விலகி நின்றன. மருத்துவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் வாழ்நாளில் இலக்கணத்திற்குக் கிடைத்த பாராட்டுகளுள் அப்பார்வையை உயர்ந்ததாகக் கருதுகின்றேன். நீங்களும் செய்து பாருங்கள். 'ன்' என்னும்போது கீழ்ப்பல் மேற்பல்லைவிட்டு எளிதில் விலகி நிற்கும்.

அறிந்துவிட்டால் மட்டும் போதாது, மறவாதிருத்தல் வேண்டும். கோவில் மணி ஒலிக்கும்போதெல்லாம் பல்லை நினைத்துப் பார்க்குமாறு அவர்க்குச் சொல்லப்பட்டது. கடித்திருந்தால் 'ன்' என்று விலக்கிக்கொள்ளவேண்டும். முதல் வாரத்தில் ஒவ்வொரு மணிக்கும் பற்கள் கடித்தபடியே இருந்தனவாம். நாளாக ஆக, மணிக்கு முன்னரே விலகி நின்றன.

இரண்டாவது, மூட்டுக்கு வேலை குறைத்தல். சில கிழமைகள் மெல்லிய உணவு உண்ணவேண்டும். இதற்கு எங்கள் நாட்டில் குறையில்லை. திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் 1880 முதல் 1885 வரை ஆண்டபோது ஊக்கிப் பரப்பிய மரச்சீனிக்கிழங்கு, குழைய வேகவைத்தால் பல்லுக்கு வேலையே தாராது. முள் நீக்கிய மீனும் கஞ்சியும் பயறும் அவ்வாறே. முறுக்கு, கடினமான பாக்கு, வாயில் நெடுநேரம் மெல்லும் பசைமிட்டாய் ஆகியவற்றை விலக்கவேண்டும். வெற்றிலைப் பாக்கை விடுவது அம்மையார்க்கு வலியைப் பொறுப்பதினும் அரிதாக இருந்தது. கொட்டாவி வரும்போது நா நுனியை அண்ணத்திலிருந்து எடாமல் விட்டால் வாய் அளவுக்கு மேல் திறவாது. மோவாய்க்கட்டையைக் கையில் தாங்கி அமர்தலும், குப்புறக் கிடந்து உறங்குதலும் ஆகா.

மூன்றாவது, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கன்னத்தில் பத்து, பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுத்து, பின்னர் விரல்களால் தசையை மெல்லத் தடவுதல். அதன்பின் நா நுனி அண்ணத்தைத் தொட்டபடி வாயை மெல்லத் திறந்து மூடும் பயிற்சி. இவை எளியவை என்று இகழ்வார் உளர். 2023-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்த நெறிமுறை, நாட்பட்ட தாடைவலிக்கு முதன்மையாகப் பரிந்துரைப்பன இவற்றைப் போன்றனவே: நோயின் இயல்பை விளக்கித் தேற்றுதல், மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சி, தேர்ந்தவர் மேற்பார்வையில் தாடைப் பயிற்சி. கடியைத் திருத்துவதாகக் கூறிப் பற்களை அராவுதல் போன்ற, மீண்டும் பழைய நிலைக்குக் கொணர இயலாத செயல்களில் விரைந்து இறங்கலாகாது. இரவில் கடிப்பவர்க்குப் பல் மருத்துவர் அளவெடுத்து உறை ஒன்று செய்து தருவதுண்டு. அது பல்லைத் தேயாமற் காக்கும். கடிக்கும் பழக்கத்தை நிறுத்தும் என்று கூற இயலாது.

தாடையில் தோன்றும் வலியெல்லாம் இவ்வகையின அல்ல. உங்கள் வாயில் உங்கள் மூவிரல்களை நெடுக்காக அடுக்கி நுழைக்க இயல்கின்றதா என்று பாருங்கள். பெரும்பாலோர்க்கு இயலும். பாக்கு மெல்லும் ஒருவர்க்கு வாய் நாளடைவில் சுருங்கி, காரம் பட்டால் எரிந்து, விரல் நுழையாமற் போனால், குறை மூட்டில் அன்று; வாயின் உட்தோல் நாராக இறுகும் நோயில் உளது. 1952-இல் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் இது முதலில் விளக்கமாக எழுதப்பட்டது. பின்னாளில் இது புற்றுநோயாக மாறக்கூடும். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் விளைப்பதே என்று உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆராய்ச்சிக் கழகம் 2004-இல் அறிவித்தது. பள்ளிக்கு வெளியே பளபளக்கும் சிறு பொதிகளில் தொங்குவதும் பாக்கே என்பதை அறிக.

காயம்பட்டவர்க்குச் சின்னாளில் வாய் கிட்டித்துப்போனால் அது வாய்ப்பூட்டு என்னும் கொடிய இசிவு நோயாக இருக்கலாம். நடக்கும்போதோ சுமை தூக்கும்போதோ தாடையில் வலி தோன்றி, நெஞ்சு இறுகி, வியர்த்தால், அது நெஞ்சாங்குலையின் முறையீடாகலாம். இவ்விரண்டிலும் ஒரு கணமும் தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கொட்டாவி விட்ட வாய் மூடாமல் நின்றுவிட்டாலும் அவ்வாறே. இம்மாவட்டம் வர்மக்கலைக்குப் பெயர்பெற்றது. மூட்டுப் பிசகினால் ஆசானிடம் ஓடுதல் இங்குள்ளார் வழக்கம். நழுவிய தாடையைப் பொருத்தும் முறையை ஏறத்தாழ 2,400 ஆண்டுகட்கு முன்னரே கிரேக்க மருத்துவர் இப்போகிரேட்டசின் பெயரால் வழங்கும் நூல்கள் கூறுகின்றன. ஆயினும், அது கற்றவர் கைக்கு உரியது. பக்கத்து வீட்டார் பிடித்துத் திருகினால் எலும்பு முறியும்.

சிறுவர் பல் கடித்தால் வயிற்றில் பூச்சி உளது என்பர் நம் பாட்டியர். பூச்சிக்கும் பற்கடிப்புக்கும் உறுதியான தொடர்பு நிறுவப்படவில்லை. பள்ளியிற் கொடுக்கும் குடற்புழு மாத்திரையை உண்பது நன்றே. அதனால் பற்கடிப்பு நின்றுவிடும் என்று எதிர்பார்த்தல் வேண்டா. பாற்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும் பருவத்திற் கடிக்கும் சிறுவர் பலர், வளர வளரத் தாமே விட்டுவிடுகின்றனர். உங்கள் வகுப்பில் எழுதுகோலின் முனையையும் நகத்தையும் கடிப்பவர் எத்துணையர் என்று எண்ணிப் பாருங்கள். பள்ளி மணி உங்களுக்கும் ஒலிக்கின்றது.

அம்மையார் அதன்பின்னும் எங்கள் தெருவிற்குக் கடவத்துடன் வருகின்றார். வலி அறவே நீங்க ஏழு திங்கள் ஆயிற்று. காற்று மிகும் நாள்களில் மகன் கடலில் இருந்தால் வலி சிறிது தலைகாட்டும் என்கிறார். ஒருநாள் மாலை இனயத்துக் கரையில் அவரைக் கண்டேன். படகுகள் இன்னும் வரவில்லை. கண்கள் நீரின்மேல் இருந்தன. "என்ன செய்கிறீர்கள், அம்மா?" என்றேன். அவர் பேசவில்லை, உதட்டை மூடியபடியே 'ன்' என்று மூக்கால் ஒலித்துக் காட்டினார். பின்பு சிரித்தார். சிரித்தபோது கடைவாயில் அப்பல் இருந்த இடம் தெரிந்தது.